பௌர்ணமிக்கு மட்டும் தெரிந்த கிரகம்

வினோதினி எதற்கெடுத்தாலும் பயப்படுவாள். பல்லி, தெருநாய், ஆங்கிலத்தில் கேள்வி கேட்கிறவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறவர்கள், வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்ற சந்தேகம், எல்லாமே பயம்தான். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் அவளுடைய அம்மா ரேணுகாம்பாள் டீக்கடை வைத்திருக்கிறாள். அங்கே வருகிறவர்கள், "இந்தப் பொண்ணா மலை மேல ஒக்காந்து விடிய விடிய நட்சத்திரம் பாக்குது?" என்று கேட்பார்கள். கரப்பான்பூச்சியைக் கண்டு பெஞ்சு மேல் ஏறி நின்றவளைப் பார்த்தவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்?

ஆனால் அந்தப் பயந்த சுபாவம்தான் அவளுக்குச் சோறு போட்டது. மற்றவர்கள் ஒரு கணக்கை ஒரு தடவை சரிபார்த்தால், இவள் மூன்று தடவை பார்ப்பாள். நான்காவது தடவையும் பார்த்துவிட்டு, பார்த்ததை யாரிடமும் சொல்லமாட்டாள். "உன் நம்பரை நான் கண்ணை மூடிக்கிட்டு நம்புவேன்" என்று அவளுடைய ஆராய்ச்சி கைடு சொல்வார். பாவம், அவர் அப்படியே நம்பிவிட்டார்.

அப்பா முருகையன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். வினோதினி அரசுப் பள்ளியில் படித்து, உள்ளூர்க் கல்லூரியில் இயற்பியல் முடித்து, பெங்களூரில் வானியலில் முனைவர் பட்டம் வாங்கினாள். அவள் வேலை ஒரே ஒரு நட்சத்திரத்தோடு. நட்சத்திரத்தை ஒரு கிரகம் சுற்றினால் அது நட்சத்திரத்தையும் லேசாக இழுக்கும். நட்சத்திரம் நம் பக்கம் கொஞ்சம் வரும், பிறகு கொஞ்சம் விலகும். அந்த ஆட்டம் அதன் வெளிச்சத்தில் தெரியும். மூன்றரை வருஷம் மாதாமாதம் வெளியூரில் ஒரு மலை மேலிருந்த டெலஸ்கோப்பில் அந்த வெளிச்சத்தைப் பிடித்து, நானூற்றுப் பதினாலு நாளுக்கு ஒரு முறை அந்த நட்சத்திரம் ஆடுகிறது என்று கண்டுபிடித்தாள். ஆகவே அங்கே ஒரு கிரகம் இருக்கிறது என்று எழுதினாள். கட்டுரை வெளிவந்தது.

அதை வைத்துத்தான் சிலி நாட்டு வானாய்வகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். முனைவர் பட்டத்துக்குப் பிறகு மூன்று வருஷம் அங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்யலாம். இந்தத் துறையில் அதை 'போஸ்ட்டாக்' என்பார்கள். பட்டம் வாங்கி இரண்டு வருஷமாகத் தற்காலிக வேலைகளில் அல்லாடிக்கொண்டிருந்தவளுக்கு, அது கிடைத்தால்தான் இந்தத் துறையில் இருக்கலாம், இல்லாவிட்டால் கிளம்பவேண்டியதுதான் என்ற நிலை. முந்நூற்றுச் சொச்சம் பேர் போட்டியிட்டார்கள். இடம் ஒன்றுதான், அது அவளுக்கே கிடைத்தது. அந்தக் கிரகத்தை அங்குள்ள பெரிய டெலஸ்கோப்பில் தொடர்ந்து பார்ப்பதுதான் அவளுடைய மூன்று வருஷத் திட்டம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும்.

ஒருவேளை அவள் வரவில்லை என்றால் யார் என்பதையும் வானாய்வகத்தினர் முடிவு செய்திருந்தார்கள். அது சமீர். அதே ஊர்க்காரன், பே கோபுரத் தெருவுக்குப் பின்னால் அவன் அப்பாவுக்கு பேட்டரிக் கடை. வினோதினியோடு கல்லூரியில் ஒரே பெஞ்சு, பெங்களூரிலும் ஒரே ஆராய்ச்சிக்கூடம். "நீ போலன்னா சொல்லு, நான் பொட்டியைக் கட்டறேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

முருகையனைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களோடு சேர்ந்து தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். 'புதிய கிரகம் கண்ட எங்கள் தெரு விஞ்ஞானி' என்று போட்டு, வினோதினியின் ஹால் டிக்கெட் படத்துக்குப் பக்கத்தில் வளையம் போட்ட கிரகம் ஒன்றையும் வரையவைத்திருந்தார். வினோதினி அந்த வழியாகப் போகாமல் இரண்டு தெரு சுற்றிப் போனாள். கிரகத்துக்கு வளையம் கிடையாதே என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். யார் கேட்கப்போகிறார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை கடையில் அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போது குடியாத்தத்துக்காரர் ஒருவர் வந்தார். ஐந்து வருஷமாகப் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிறவர். அன்று ஏதோ கலெக்டர் ஆபீஸ் வேலையாக வந்திருந்தார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு ரேணுகாம்பாளையே பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. அஞ்சு வருஷமா உங்க கடையில டீ குடிக்கிறேன். நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எப்ப வந்தாலும் சிடுசிடுனு எரிஞ்சு விழுவீங்க. இன்னிக்கு இன்னா விசேஷம்?"

ரேணுகாம்பாள் இன்னும் ஜாஸ்தியாகச் சிரித்தாள். "நீங்க பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து பாத்தா நான் எப்படிங்க சிரிப்பேன்? அன்னிக்கு விடியகாத்தால நின்னா மறுநா வரைக்கும் நிக்கணும். கூட மாட ஒத்தாசை பண்ணவேண்டிய இவளும் அன்னிக்குப் பாத்துதான் மலைக்கு ஓடிப்பூடுவா. மத்த நாள்ல வந்து பாருங்க, நான் இப்படித்தான் இருப்பேன்."

"அட, நான் உங்க குணமே அதுன்னு முடிவு கட்டிட்டேன்மா."

வினோதினியும் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றது. கையிலிருந்த டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஈரக்கையோடு வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமாகிவிட்டது.

டெலஸ்கோப்பில் அவளுக்குப் பௌர்ணமி நாள்கள்தான் கிடைக்கும். மங்கலான தூரத்துப் பொருள்களைப் பார்க்கிறவர்களுக்கு இருட்டு வேண்டும். அமாவாசையை ஒட்டிய நாள்களை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்க்கிறவர்களுக்கு நிலா வெளிச்சம் தொல்லையில்லை என்று பௌர்ணமியை ஒட்டிய நாள்களை ஒதுக்குவார்கள். மூன்றரை வருஷமும் அவள் அப்படித்தான் போனாள். ஊரே கிரிவலப் பாதையில் நடக்கும் நாளில், பெங்களூரிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாலும், இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். எல்லாப் பஸ்ஸும் இந்த ஊருக்கு வந்துகொண்டிருக்கும், இவளுடையது மட்டும் வெளியே போகும். இது அவளுக்குத் தெரியாத விஷயமா? திருவண்ணாமலைக்காரிக்குப் பௌர்ணமி எப்போது என்று தெரியாதா?

தெரியும். ஆனால் அவளுடைய கணக்கில் தேதி கிடையாது. வானியலில் நாளை ஏழு இலக்க எண்ணாக எழுதுவார்கள். பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு நாளிலிருந்து தொடர்ந்து எண்ணிக்கொண்டே வரும் எண் அது. அதைப் பார்த்தால் செவ்வாயும் தெரியாது, சித்திரையும் தெரியாது, பௌர்ணமியும் தெரியாது. மூன்றரை வருஷமும் அவள் அந்த எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவான நாள்களில் ஒரு மாத இடைவெளி திரும்பத் திரும்ப வருகிறது என்று கட்டுரையிலேயே ஒரு வரி எழுதியிருந்தாள். எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

கணினியைத் திறந்தாள். கடவுச்சொல் இரண்டு தடவை தப்பாயிற்று. கிரகம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டாள். அந்த நட்சத்திரத்தின் முகத்தில் பெரிய கரும்புள்ளி ஒன்று மட்டும் இருக்கிறது. நட்சத்திரம் முப்பத்திரண்டு நாளுக்குக் கொஞ்சம் குறைவாகத் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. புள்ளி இந்தப் பக்கம் வந்தால் ஒரு மாதிரியும், அந்தப் பக்கம் போனால் வேறு மாதிரியும் வெளிச்சம் மாறும். அதை இருபத்தொன்பதரை நாளுக்கு ஒரு தடவை மட்டும் எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? ஒவ்வொரு தடவையும் சுற்று முடிய இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கும். அந்தப் பாக்கிகளை வரிசையாக வைத்தால், நட்சத்திரம் நிதானமாக, கம்பீரமாக ஆடுவதுபோல இருக்கும். எத்தனை நாளுக்கு ஒரு ஆட்டம் என்று கணக்குப் போட்டாள். ஏறக்குறைய பதினாலு பௌர்ணமி. நானூற்றுப் பதினாலு நாள்.

வினோதினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். குளியலறைக்குப் போய் வாந்தியெடுத்தாள். திரும்பி வந்து மறுபடி கணக்குப் போட்டாள். கிரகம் என்று சொன்னாலும் அவளிடமிருந்த பதிவுகள் பொருந்தின, புள்ளி என்று சொன்னாலும் பொருந்தின. அவள் தப்புச் செய்துவிட்டாள் என்று இன்னும் நிச்சயமில்லை. அதைவிட, நிச்சயமாகிவிடுமே என்பதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது.

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. "பாஸ்போர்ட் ஆபீஸ்ல ஏதாச்சும் தகராறாடி?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள். "இல்லம்மா." "அந்த ஊர்ல சோறு கெடைக்காதாமே, அதுக்கா?" "இல்லம்மா." முருகையன் வந்து, சிலியில் பூகம்பம் ஜாஸ்தியாமே, பயமாக இருந்தால் சொல்லு என்றார். பூகம்பம் ஒன்றுதான் அவள் பயப்பட மறந்துபோன விஷயம்.

புதன்கிழமை கைடுக்கு போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முதல்ல கையெழுத்தப் போடும்மா" என்றார். "நீ சொல்றது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அங்க போய் பெரிய டெலஸ்கோப்ல பாரு. தப்புன்னு தெரிஞ்சா அப்ப திருத்தி எழுதிக்கலாம். எத்தனை பேர் அப்படித் திருத்தி எழுதியிருக்காங்க. இப்பவே வாயத் தொறந்து ஏன் கெடுத்துக்கற?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. போனை வைத்ததும் வினோதினிக்கு அரைமணி நேரம் நிம்மதியாக இருந்தது. ஒரு தோசை சாப்பிட்டாள். பிறகு சம்மதக் கடிதத்தைத் திறந்து, 'எனது கண்டுபிடிப்பின் அடிப்படையில்' என்று தொடங்கும் வாக்கியத்தைப் படித்தாள். தோசை உள்ளே நிற்கவில்லை.

பௌர்ணமி இல்லாத நாளில் அந்த நட்சத்திரத்தைப் பிடித்த பதிவு ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பதிவு உலகத்திலேயே ஒருவனிடம்தான் இருந்தது. சமீர் தூரத்துக் கேலக்ஸிகளைப் பார்க்கிறவன், அமாவாசைக்காரன். வேலை தொடங்குமுன் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பிடிப்பான். "எதையோ புடிக்கறதுக்கு உன்னுதையே புடிக்கறேன், என்னிக்காச்சும் உதவும்" என்று முன்பு சொல்லியிருக்கிறான். அவனிடம் சேர்ந்தது எட்டுப் பதிவுகள்தானே என்று அவள் அவற்றைக் கேட்டு வாங்கியதேயில்லை. இப்போது கேட்டால்? இடத்துக்காகக் காத்திருக்கிறவனிடமே போய், நான் தப்பா என்று பார்த்துச் சொல் என்று கேட்கவேண்டும். புதன் போய் வியாழன் காலை வரை போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரிலேயே போய்விட்டாள். சமீர் மாடி அறையில் இருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அந்த எட்டுப் பதிவு வேணும் சமீர்" என்றாள்.

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்காததுதான் முதலில் உறைத்தது. கணினியைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினான். புதிதாகப் போட்டது இல்லை, முன்பே போட்டுவைத்திருந்த படம். வளைந்து போகும் கோடு அவளுடைய கிரகம். எட்டுப் புள்ளிகள் அவனுடையவை. கோடு மேலே ஏறும் இடத்தில் புள்ளிகள் கீழே கிடந்தன, கீழே இறங்கும் இடத்தில் மேலே நின்றன. எட்டில் ஒன்றுகூட அந்தக் கோட்டின் பக்கத்தில் வரவில்லை. கிரகம் போய்விட்டது.

வினோதினி உட்கார்ந்தாள். படத்தின் மூலையில் தேதி இருந்தது. ஏழு இலக்க எண் இல்லை, சாதாரணத் தேதி. போன வருஷம் ஆடி மாதம்.

"இது எப்ப போட்டது?"

சமீர் கீழே பார்த்துக்கொண்டு பேசினான். "உன் பேப்பர் வந்து பத்து நாள்தான் ஆயிருந்தது. உனக்கு சந்தோஷமா இருக்கட்டும், இதையும் சேத்துக் காட்டலாம்னுதான் போட்டேன். பாத்தா இப்படி வந்துது. அன்னிக்கு உங்கப்பா எங்க கடைக்கு வந்து எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாரு. எனக்கு சொல்ல வாய் வரல. அப்புறம் ரெண்டு பேரும் அப்ளிகேஷன் போட்டோம். இப்ப சொன்னா போட்டிக்கு சொல்ற மாதிரி இருக்கும்னு விட்டேன். அப்புறம் உனக்கு கெடைச்சுது. இன்னும் சொல்ல முடியல."

"ஒரு வருஷமா தெரியுமா?"

"நீ என்னிக்காச்சும் இதக் கேட்டு வருவியோனு ஒரு வருஷமா பயந்துக்கினே இருந்தேன் வினோ." பிறகு அவசரமாகச் சொன்னான்: "நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். வேணும்னா இத அழிச்சிடறேன். நீ கையெழுத்து போடு."

அப்போதுதான் வினோதினி உண்மையிலேயே பயந்தாள். மூன்று நாளாக இருந்த பயம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கையெழுத்துப் போடலாம், சிலிக்குப் போகலாம், மூன்று வருஷம் கழித்து வேலையும் வாங்கலாம். எங்கே போனாலும் சமீரின் போன் வரும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்று இருக்கும். அவன் நல்லவனாகவே இருப்பான், ஒரு வார்த்தையும் சொல்லமாட்டான். அவன் சொல்லாமல் இருக்கிறானே என்பதற்கே அவள் ஆயுசுக்கும் பயந்து சாகவேண்டும். பல்லிக்குப் பயப்படலாம், நாய்க்குப் பயப்படலாம். கூடப் படித்தவனுக்குப் பயந்துகொண்டு எப்படி வாழ்வது?

"அழிக்காத. எனக்கு அனுப்பு" என்றாள்.

அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவன் கணினியிலேயே சிலி வானாய்வகத்துக்கு எழுதினாள். நான் கண்டதாகச் சொன்ன கிரகம் இல்லை. என்னுடைய பதிவுகள் எல்லாம் பௌர்ணமியை ஒட்டியவை, ஆகவே இப்படி ஏமாந்தேன். அமாவாசைப் பதிவுகளையும் படத்தையும் இணைத்திருக்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். அந்தப் பதிவுகள் யாருடையவை என்று எழுதினாள், எப்போது போட்ட படம் என்று எழுதவில்லை, அதன் மூலையில் இருந்த தேதியையும் எடுத்துவிட்டாள். சமீர் அதைக் கவனித்தான். அனுப்பும் பொத்தானை அழுத்த அவளுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அழுத்திவிட்டு, அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பதில் வந்தது. கடையில், கூட்டம் இல்லாத நேரம். மரியாதையான கடிதம்தான். நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். ஆராய்ச்சித் திட்டமே அந்தக் கிரகத்தை நம்பியிருந்ததால் அந்த வாய்ப்பைத் தரமுடியாத நிலையில் இருப்பதாகவும், அடுத்த ஆண்டு வேறு திட்டத்தோடு விண்ணப்பிக்கலாம் என்றும், இடம் அடுத்தவருக்குப் போகிறது என்றும் எழுதியிருந்தார்கள்.

வினோதினி அதை அம்மாவிடம் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். ரேணுகாம்பாளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

"அந்த கிரகத்த வேற யாராச்சும் எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லம்மா. அது இல்லவே இல்ல. நான்தான் தப்பா பாத்துட்டேன்."

"தப்பா பாத்ததுக்கா மூணு நாளா பட்டினி கெடந்த? நான் என்னென்னமோ நெனச்சு ஈரக்கொலையே நடுங்கிப் போயிட்டேன்டி." ரேணுகாம்பாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "உங்கப்பாகிட்ட நான் சொல்றேன். நீ பேசாத." அப்பாவிடம் யார் சொன்னாலும் அவர் இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

நாலரை மணிக்குச் சமீர் போன் செய்தான். பெயரைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்று ஆகுமோ என்று வினோதினி காத்திருந்தாள். ஆகவில்லை. கோபம்தான் வந்தது.

"மெயில் வந்திருக்கு வினோ" என்றான். "எனக்கு குடுத்திருக்காங்க. இன்னா பண்ணட்டும்?"

அவள் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். போகாதே என்று சொல்லத்தான் வாய் வந்தது. அது பொறாமை, வேறு ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"போ. உன் வேலையில தப்பு இல்ல" என்றாள்.

"உங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"எனக்கும்தான் பயம், சமீர். உன்ன விட ஜாஸ்தி. ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா எனக்கு அந்த ஒரு கிரகம் மட்டும்தான் போயிருக்கும்."

எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவன் அழுகிறான் என்று தெரிந்தது. கல்லூரியில் முதல் நாள், அவள் பெயரைச் சொல்லப் பயந்து நின்றபோது அவளுக்காக எழுந்து சொன்னவன் அவன்தான்.

"நல்லபடியா போயிட்டு வா" என்றாள் வினோதினி. "எனக்கு மட்டும் கொஞ்ச காலம் போன் பண்ணாத."